மழைநீருக்கும் ஓர் இடம் வேண்டும்

பால்மரமும் செம்பனையும் நின்ற செண்டாயான் மண்ணில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகர் எழுந்துள்ளது. வளர்ச்சியை நாம் வெறுக்கவில்லை. ஆயினும், அந்நாளில் மரங்களும் அவற்றின் அடியில் படர்ந்த கொடிகளும் தாங்கிக்கொண்ட மழை இனி எங்கே செல்லும் என்று கேட்பது நம் கடமையாகும்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

கால்வாயை அகலமாக்கினால் போதும் என்பர் சிலர். நாம் அதற்கு உடன்படோம். விரைந்தோடும் நீர் கீழேயுள்ளவர் வீட்டில்தான் போய் நிற்கும். சிங்கப்பூர், பீஷான் - ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளச் சிமெண்டுக் கால்வாயை மாற்றி, காலாங் ஆற்றைப் புல்வெளியினூடே வளைந்தோட விட்டனர். 2012இல் அப்பூங்கா திறக்கப்பட்டது. நாள்தோறும் சிறுவர் விளையாடும் கரை, பெருமழையின்போது ஆற்றுக்கு உரியதாகிறது. நம் நாட்டு வடிகால் நீர்ப்பாசனத் துறையும் மழைநீரைப் பெய்த இடத்திலேயே தேக்கி மெல்ல வெளியேற்றும் முறையை 2001 முதல் வகுத்துள்ளது. ஆனால், அதற்கென வெட்டிய குளங்கள் சில கம்பிவேலிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்குச் சரிவான கரையும் நிழல்மரமும் அமைத்தால் பூங்காவாகாவோ?

குடியிருப்புத் திடலையும் சாலையைவிடச் சற்றுத் தாழ்வாக அமைக்கலாம். பெருமழை பெய்த அன்று பந்தாட்டம் நிற்கும்; மாணவமணிகள் பொறுத்தருள்க!

தோட்டத்தை விட்டுப் புதுவீடு வாங்கும் பெற்றோரே, முன்வாசல் முழுவதையும் சிமெண்டால் மூடாதீர்கள். ஒரு பங்கைப் புல்லுக்கு விடுங்கள். வீடு பார்க்கப் போகும்போது, சமையலறையின் அகலத்தோடு, மழைநீர் போகும் வழியையும் கேளுங்கள்.