படுகளமும் பனியன் கம்பெனியும்

காங்கேயம் வட்டாரத்தில் ஓலப்பாளையம் என்றொரு சிற்றூர். 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் மாணவி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து அங்கே தங்கினார். கொங்கு நாட்டின் சாதி அமைப்பு, கோயில் முறை, சீர், உறவு எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். உடுக்கையடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையை இரவிரவாக உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிந்தார். கொங்குச் சமூகம் பற்றிய அவருடைய நூல் 1972இலும், அண்ணன்மார் கதையை ஆராய்ந்த நூல் 1982இலும் ஆங்கிலத்தில் வந்தன. கதையின் தமிழ் மூலம் ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக அச்சேற 1992 ஆகிவிட்டது. ஓலப்பாளையம் இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தென்னிந்தியாவைப் படிக்கும் மாணவருக்கு அந்த ஊர்ப்பெயர் பழக்கமானது. நம் மாவட்டத்துக் கல்லூரி வகுப்பறைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று ஆசிரியர்கள் ஒருநாள் கேட்டுப் பார்க்கலாம்.

அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் மடிகிறார்கள். தங்கை தங்காள் அவர்களைத் தேடிக்கொண்டு களத்துக்குப் போகிறாள். கொங்கு ஊர்களில் இதைப் பாடும்போது யாரும் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அவர்கள் மடிந்த களமாகப் பாவிக்கப்படும் படுகளத்தில் ஆட்கள் அருள் வந்து சாய்கிறார்கள். செத்தவர் போலக் கிடப்பவர்களை எழுப்பும் சடங்கு நடக்கிறது. சுற்றி நிற்கும் பெண்கள் தங்கள் வீட்டு இழப்பையும் சேர்த்து அழுகிறார்கள். சமயம், அறம், உணர்ச்சி என்று பல்கலைக்கழகம் மூன்று துறைகளாகப் பிரித்து வைத்திருப்பவை அங்கே பிரியாமல் இருக்கின்றன. பங்காளிச் சண்டையில் நியாயம் யார் பக்கம், அண்ணன் தங்கைக்கு என்ன கடன்பட்டவன், போன உயிருக்கு ஈடாக எதைப் பற்றிக்கொண்டு மீதி நாளைக் கழிப்பது என்ற மூன்று கேள்விகளும் அந்த ஓர் இரவுக்குள் வந்துவிடுகின்றன.

உணர்ச்சியை ஆராய்வது நமக்குப் புதிய வேலையும் அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணம் தருகிறது. அழுகையின் காரணங்களில் இழப்பு இருக்கிறது, வறுமையும் இருக்கிறது. அழுகிறவனை மனம் தளர்ந்தவன் என்று ஒதுக்காமல், அவன் வாழ்நிலை என்ன என்று கேட்ட பார்வை அது.

அதே கேள்வியோடு இப்போது திருப்பூரைப் பார்ப்போம். லைன் வீட்டில் ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கி, ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஒடிசா இளைஞனுக்கு ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவன் எங்கே அழுவான்? யாரோடு அழுவான்? அவனுடைய சாமிக்கு இங்கே கோயில் உண்டா? அவனைத் தேற்றும் மொழி பக்கத்து டேபிளில் தைப்பவருக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இல்லை. பதில் தேடும் வேலை யாருடையது என்றுகூட நாம் முடிவு செய்யவில்லை. பனியன் தொழிலின் ஏற்றுமதிக் கணக்கு மாதாமாதம் நமக்குத் தெரிகிறது. அதைத் தைக்கிறவர்களின் துக்கம், பயம், வேண்டுதல், கடன்பட்ட மனம் பற்றி ஊருக்குள் எந்தக் கணக்கும் இல்லை.

அமராவதி நகரிலிருந்து இதை எழுதுகிறேன். அணையும், 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளியும் இந்த ஊருக்கு அடையாளம். அணைத் தண்ணீர் தாராபுரம் வழியாகக் கரூருக்குப் போகிறது; உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து ஆட்கள் நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். பின்னால் காட்டுக்குள் தளிஞ்சி போன்ற மலைக்கிராமங்கள், கோடந்தூர் கட்டளை மாரியம்மன் கோயில். மலையில் ஒரு வழிபாடு, வயலில் ஒரு வழிபாடு, கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைக்கும் ஆயுத பூசை என்று ஒரே தாலுகாவுக்குள் மூன்று உலகம் இருக்கிறது. இவற்றுக்கு இடையில் தினமும் போய்வரும் ஒரு பெண்ணின் மனதில் எது சரி, எது தவறு என்ற அளவுகோல் எப்படி மாறுகிறது என்பது முனைவர் பட்டத்துக்குத் தகுதியான பொருள்.

வெளியிலிருந்து வந்தவர்கள் இந்தப் பொருளின் சில பக்கங்களை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் களஆய்வு செய்த ஷரத் சாரி 2004இல் ஒரு நூல் எழுதினார். தொழிலாளியாக வந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் உயர்வுக்கு அவரிடம் சொன்ன விளக்கம், உழைப்பு. சாரி அந்தப் பேச்சை மதித்துக் கேட்டார். பிறகு, அதே ஊரில் உழைத்த பெண்களின், தலித்துகளின் உழைப்பு ஏன் அப்படி மூலதனமாக மாறவில்லை என்ற கேள்வியையும் பக்கத்திலேயே வைத்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது திருப்பூரின் பெருமையும் குறையவில்லை, அதன் கடனும் மறையவில்லை.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் இருவரும் திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு கிராமங்களைப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். ஒன்றில் தலித் குடும்பங்கள் விசைத்தறி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி அந்தக் கடனுக்குள்ளேயே வேலை செய்தன. இன்னொன்றிலிருந்து ஆட்கள் பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். ஒரே தொழில் வட்டாரம்தான். ஆனால் இரண்டாவது கிராமத்தில் தேநீர்க்கடைத் தம்ளரில் காட்டப்பட்ட தீண்டாமை தளர்ந்த அளவுக்கு முதல் கிராமத்தில் தளரவில்லை. கடன்பட்டவன் நிமிர்ந்து பேச முடிவதில்லை. சுயமரியாதை என்ற அறம் மேடையில் மட்டும் பிறப்பதில்லை, சம்பளம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதிலும் பிறக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டிய வேறு ஆய்வு இல்லை. டி நீவின் இன்னொரு கட்டுரை நம் கம்பெனி நிர்வாகிகள் அவசியம் படிக்க வேண்டியது. வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்கு உட்பட்ட பெரிய கம்பெனிகளைவிடச் சிறிய பீஸ் ரேட் யூனிட்டுகளைச் சில தொழிலாளர்கள் ஏன் விரும்பினார்கள் என்று அதில் விளக்குகிறார். நேரத்துக்கு வந்துபோகும் கட்டுப்பாடும் மேற்பார்வையின் கடுமையும் இல்லாமல், நினைத்தபோது விடுப்பு எடுக்கவும் கோயில் விசேஷத்துக்குப் போகவும் முடிகிற சுதந்திரம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. கழிப்பறை, தீயணைப்பான், வேலை நேரம் எல்லாம் ஆடிட் பட்டியலில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். தன்மானத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

இவை எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் பணம் கட்டிப் படிக்கும் ஆய்விதழ்களில் இருக்கின்றன. ஊரின் பெயரை மறைத்து எழுதுவது ஆய்வு அறத்தில் ஒரு முறை. தகவல் சொன்னவருக்குத் தீங்கு வரக்கூடாது என்பதற்காக. அது நியாயம். ஆனால் பெயரை மறைத்ததோடு முடிவையும் அந்த ஊரிடமிருந்து மறைத்ததாக ஆகிவிடக் கூடாது. பெயரில்லாமலே முடிவுகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கூட்டம் போட்டு வாசித்துக் காட்டலாம்.

மக்களிடமிருந்து பெற்றதை மக்களிடமே இப்படித் திருப்பிக் கொடுத்துக் காட்டியவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவு, மக்கள் 'பரட்டை' என்று அழைத்தவர், 2005இல் மறைந்தார். இறையியலை அவர் கட்டுரையாக மட்டும் வைக்கவில்லை. கூலி வேலை செய்யும் கிராமத்தாரின் பசியிலிருந்தும் அவமானத்திலிருந்தும் அதைச் சிந்தித்தார். எல்லோருக்கும் ஒரே உலை, எல்லோரும் சேர்ந்து உண்பது என்பதை அருட்சாதனத்தின் மையமாகப் பேசினார். சிந்தித்ததை நாட்டுப்புற மெட்டில் பாட்டாக்கி அந்த மக்களிடமே கொடுத்தார். அவரைப் பற்றி அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் 2014இல் தனி நூலே எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கும், கிறித்தவத்துக்கும், சமணத்துக்கும், இஸ்லாத்துக்கும் தனித்தனியே படிப்பும் ஆய்வும் நடக்கின்றன; நம் பக்கத்தில் பேரூர் ஆதீனத்தின் தமிழ்க் கல்லூரி இருக்கிறது. நூலைப் படிக்கும் புலமை தமிழ்நாட்டில் குறைவில்லை. அந்தப் புலமை ஷிப்ட் முடிந்து வரும் ஆளிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அப்படிப் பேசாமல் விட்டதற்கு என்ன விலை என்று 2023 மார்ச்சில் பார்த்தோம். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து விசாரித்தது. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களும் பயந்து போகிறவர்களும் ஒரே ரயிலில் ஏறினார்கள். யார் எதற்குப் போகிறார் என்று கம்பெனிக்காரர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. காவல்துறையும் தொழில் சங்கங்களும் இந்தியில் பேசி நம்பிக்கை கொடுத்தன, நல்லபடியாகவே செய்தன. ஆனாலும் வதந்தி ஒரே வாரத்தில் அத்தனை வேகமாக வேர் பிடித்ததற்கு, ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் அறியாத மனம்தான் நிலமாக இருந்தது. அச்சத்தை ஆராய்வதைக் கல்லூரிக்குள் நடக்கிற ஓய்வுநேர வேலை என்று நினைப்பவர்கள் அந்த வாரத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கையைப் போய் ஆராயலாமா, அது புண்படுத்துமே என்ற தயக்கமும் கொங்கு மண்ணில் உண்டு. அதற்குக் காரணம் நமக்குத் தெரியும். தமிழ்ப் பேராசிரியரான பெருமாள்முருகன் திருச்செங்கோட்டின் வழக்கங்களைத் தேடிப்போய், ஆய்வு நல்கை பெற்றுத் தகவல் திரட்டி எழுதியதுதான் 'மாதொருபாகன்' நாவல். 2015 ஜனவரியில் எதிர்ப்பு வலுத்து, ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை நடந்து, அவர் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, மீண்டும் எழுதும்படி ஊக்கப்படுத்தியது. தீர்ப்பு சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஓர் ஆசிரியரை ஊரைவிட்டுப் போகச் செய்த எதிர்ப்பு முறையை எந்தக் காயமும் நியாயப்படுத்தாது. அதே சமயம், நாவலில் சொல்லப்பட்ட பழைய வழக்கத்தால் தங்கள் பாட்டிமார் அவமதிக்கப்பட்டதாக நினைத்து உண்மையாகவே வருந்திய குடும்பங்களும் இருந்தன. அவர்களும் எழுத்தாளரும் ஆய்வாளரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசும் பழக்கம் நமக்கு முன்பே இருந்திருந்தால், அந்த வருத்தத்தைச் சொல்லக் கடையடைப்பு தேவைப்பட்டிருக்காது. அந்தக் கூடத்தை இன்னும் நாம் கட்டவில்லை.

கட்டுவது ஒருவர் வேலை அல்ல. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி, உடுமலை அரசு கலைக் கல்லூரி போன்றவற்றின் தமிழ், வரலாறு, பொருளியல் துறைகள் மாணவரை அனுப்பலாம். தன் அம்மா செக்கிங் வேலை பார்க்கும் கம்பெனியைப் பற்றி எழுத அந்த மாணவியைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. கேட்பவர் சம்மதம், பெயர் காப்பது, எழுதியதைத் திரும்பக் காட்டுவது என்ற மூன்று ஒழுங்கையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். கம்பெனி முதலாளிகள் விடுதிக் கதவைத் திறக்க வேண்டும், பேசிய தொழிலாளிக்கு மறுநாள் வேலை போகாது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சுவார்த்தைக்கு எடுக்கும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் கொடுக்கலாம். கோயில் பூசாரியும், பள்ளிவாசல் இமாமும், பங்குத்தந்தையும் தினமும் ஊரின் மனதைக் கேட்கிறவர்கள். அடுத்தவர் ரகசியத்தைச் சொல்ல வேண்டாம். மக்கள் எதை வேண்டிக்கொண்டு வருகிறார்கள், அது பத்து வருடத்தில் எப்படி மாறியிருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளரிடம் ஊர் ஒரு நிபந்தனை போடலாம்: முடிவைத் தமிழில் பத்துப் பக்கம் எழுதித் தந்துவிட்டுப் போங்கள். தொழிலாளர் பேசும் இந்தியிலும் ஒடியாவிலும் இருந்தால் இன்னும் நல்லது.

எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் சாயப்பட்டறைகளைப் பற்றி 'சாயத்திரை' நாவலைத் திருப்பூரிலிருந்தே எழுதினார். நொய்யல் ஆற்றைக் குறித்து நீதிமன்றம் மட்டும் பேசவில்லை, இலக்கியமும் பேசியது. உள்ளூர்க்காரர் பார்வைக்கு அந்த வலிமை உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் திருப்பூர் புத்தகத் திருவிழாவில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். சாரியின் நூலிலிருந்து ஓர் அத்தியாயம், கார்ஸ்வெல், டி நீவ் இருவரின் கிராமக் கட்டுரை, பெக்கின் கொங்கு நூலில் கோயில் பற்றிய பகுதி ஆகிய மூன்றையும் உரிய அனுமதியோடு தமிழில் கொண்டுவரும் செலவைத் தொழில் சங்கங்களும் நகரத்தின் சமய நிறுவனங்களும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டால் யாருக்கும் சுமை இல்லை. அதற்குக் காத்திராமல், வரும் கல்வியாண்டில் ஒரு கல்லூரித் துறை, ஒரு தொழிலாளர் விடுதி, ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு தேவாலயம் என்று தொடங்கலாம். தேர்வு முடியும்போது அந்த விடுதியிலேயே வாசித்துக் காட்ட முதல் சில பக்கங்கள் மாணவர் கையில் இருக்கும். தப்பாக எழுதியிருந்தால் விடுதிக்காரர்களே திருத்திக் கொடுப்பார்கள்.