நமக்கு ஒரு வாக்கியம் இருக்கிறதா?

சென்ற ஆண்டு எனக்கு வரவேண்டிய ஆய்வு உதவித்தொகை ஏழு மாதம் வராமல் நின்றுபோனது. நாகர்கோவிலில் வீட்டு வாடகை அப்படி நிற்காது. தெரிந்தவர் ஒருவர் மூலம், கருப்பட்டியும் தேங்காய் எண்ணெயும் கிராம்பும் இணையத்தில் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. 'கன்டென்ட்' என்பார்கள். முதல் நாளே அதன் உரிமையாளர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"மேடம், பத்து விஷயம் சொன்னா ஒண்ணும் மனசுல நிக்காது. நாம யாரு, யாருக்கு விக்கிறோம், எதுக்கு நம்மகிட்ட வாங்கணும், இத ஒரே வரியில சொல்லணும். படம், வீடியோ, பாக்கெட்டுல உள்ள எழுத்து எல்லாம் அந்த ஒரு வரியத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லணும்."

நல்ல பாடம்தான். நான் எழுதிக் கொண்டுபோன வரி இது: 'பனையேறியின் கையிலிருந்து உங்கள் அடுக்களைக்கு.' படித்துவிட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பனையேறின்னு போட்டா வாங்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்." மறுவாரம் பாக்கெட் அச்சாகி வந்தது. அதில் 'நாஞ்சில் நாட்டுத் தறவாட்டின் சுவை' என்று இருந்தது. மேலே ஓட்டுக்கூரை போட்ட நாலுகெட்டு வீட்டின் படம்.

என் தாத்தா பனையேறி. அதுபோன்ற வீடுகளுக்குக் கருப்பட்டி கொண்டுபோனவர். படிப்புரையைத் தாண்டி அவர் உள்ளே போனதில்லை.

அந்த உரிமையாளரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருக்குத் தெளிவு இருந்தது. எதைச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமல்ல, எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. நமக்கு, அதாவது சாதி ஒழிப்பைப் பேசுகிறவர்களுக்கு, அந்தத் தெளிவு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்த நாட்டில் சாதியைவிட வெற்றிகரமான பிராண்ட் எதுவும் இல்லை. ஒரு நிறம், ஒரு பட்டப்பெயர், வண்டிக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர், முப்பது நொடி ரீல்ஸ், பின்னணியில் ஒரு பாட்டு. சொல்வதெல்லாம் ஒரே செய்தி: 'நீ மேலானவன், அதைக் காட்டு.' எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூட இது புரிகிறது. பள்ளிக்கூடத்தில் கையில் எந்த நிறக் கயிறு என்பதை வைத்தே யார் யாரோடு உட்காருவது என்று முடிவாகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பள்ளிகளின் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கவும் சொன்னது. ஒரு கயிறு எவ்வளவு பேசுகிறது என்று அந்தக் குழுவுக்குப் புரிந்திருக்கிறது.

இதற்கு எதிரே நாம் வைப்பது என்ன? நம் கூட்டங்களின் சுவரொட்டியைப் பாருங்கள். பன்னிரண்டு தலைவர்களின் படம், இருபது பேச்சாளர்களின் பெயர், கீழே 'சமூக நல்லிணக்க மாநாடு' என்ற தலைப்பு. யாருக்கும் யாருக்கும் நல்லிணக்கம்? அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்குமா? படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்காது. எல்லோரையும் திருப்திப்படுத்தும் செய்தி யாரையும் எதுவும் செய்யச் சொல்லாத செய்தியாகத்தான் முடியும்.

நம் முன்னோர் இப்படி இல்லை. முடிசூடும் பெருமாள் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட மேல்சாதிக்காரர்கள் விடாத திருவிதாங்கூரில், முத்துக்குட்டி என்று பெயர் மாற்றப்பட்டு வளர்ந்தவர் வைகுண்டர். சாமிதோப்பில் அவர் என்ன செய்தார்? தலையில் துணி கட்ட உரிமை இல்லாதவர்களிடம், பதிக்குள் தலைப்பாகை கட்டி வா என்றார். சிலை இருக்கும் இடத்தில் கண்ணாடி வைக்கப்பட்டது. கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கும் முத்திரிக்கிணறு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்த மூன்றும் புரியும்: குனியாதே, உன்னையே வணங்கு, தண்ணீருக்குத் தீட்டு இல்லை. அரசுக்கும் புரிந்தது. அதனால்தான் அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள்.

1893இல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கி, புலையர் நடக்கக் கூடாத பொதுச்சாலையில் ஓட்டினார். துண்டறிக்கை தேவைப்படவில்லை. வண்டியே செய்தி. 1907 ஜூனில் சென்னையில் அயோத்திதாசர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர், யாருக்கான பத்திரிகை என்று பெயரே சொல்லிவிடும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்னது. ஒரு ஆள் இன்றைக்கே, தன் கையாலேயே செய்யக்கூடிய வேலை அது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் இன்று சாதி ஒட்டிக்கொண்டு இல்லை என்றால், அந்தத் தெளிவும் ஒரு காரணம்.

செய்தியை நாம் தளரவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என்.ரவி, சனாதன தர்மத்தைக் காக்கத் தோன்றியவர் வைகுண்டர் என்று பேசினார். சாமிதோப்பிலிருந்து பாலபிரஜாபதி அடிகளார் மறுத்தார். ஆனால் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைப்பாகையை வெறும் சடங்காகவும் கண்ணாடியை வெறும் வழிபாட்டுப் பொருளாகவும் நாமே பார்க்கத் தொடங்கிய பிறகுதான், வேறொருவர் வந்து அதன்மேல் வேறு சீட்டை ஒட்ட முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது என் சொந்தச் சாதியைப் பற்றியது. தோள்சீலைப் போராட்டத்தை நாங்கள் எங்கள் சாதிப் பெருமையின் விளம்பரமாக்கிவிட்டோம். 1859 ஜூலை 26 அன்று வந்த அரசுப் பிரகடனம் என்ன சொன்னது? நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக் கூடாது. துணி கொடுத்தான், சமத்துவம் கொடுக்கவில்லை. நம் பெண்கள் 1822இலிருந்து அடிபட்டும் உடை கிழிக்கப்பட்டும் கேட்டது ஒரு முழத் துணிக்காகவா? 'உனக்கு உள்ளது எனக்கும்' என்பதல்லவா அவர்களுடைய செய்தி? அதை 'எங்கள் சாதி வென்றது' என்று சுருக்கும்போது, அந்தப் பிரகடனத்தின் பாதியை நாமே எழுதுகிறோம். என் ஊரில் தோள்சீலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், பறையர் குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு கொடுப்பதில்லை. சொல்லும் பொருளும் இப்படிப் பிரிந்து நிற்கும் எந்தச் செய்தியையும் எந்த ஊடக உத்தியாலும் காப்பாற்ற முடியாது.

அதனால் தோழர்களுக்கு ஒரு யோசனை. இனி ஒரு சுவரொட்டியோ, காணொளியோ, கட்டுரையோ போடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்ப்போம். யாரிடம் பேசுகிறோம்? பாதிக்கப்பட்டவரிடமா, பாதிப்பை வேடிக்கை பார்ப்பவரிடமா? இருவருக்கும் ஒரே வரி பொருந்தாது. எந்த உரிமையைப் பற்றிப் பேசுகிறோம்? சுடுகாடா, தெருவா, வாடகை வீடா, வகுப்பறையா, பெயர் சொல்லிக் கேட்போம். படித்தவர் நாளைக் காலையில் எதைச் செய்ய வேண்டும்? கையில் உள்ள கயிற்றை அறுப்பதா, வீட்டு வாசலைத் திறப்பதா? இதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்தச் சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச வேண்டாம்.

இயக்கம் என்பது சரக்கு அல்ல, அதற்கு எதற்கு பிராண்ட் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விளம்பரம் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும். நாம் மறைக்கக் கூடாது. நம்முடைய வரி நம் மீதும் பாய வேண்டும். கண்ணாடி வைத்தவரின் ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நிறுவனத்தில் மூன்று மாதம் இருந்தேன். கடைசி நாளில் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தேன். "பாக்கெட்டுக்குப் பின்னாலயாவது பனை ஏறுறவங்களப் பத்தி ரெண்டு வரி போடலாமே?" அவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "எடம் இல்ல மேடம்" என்றார்.

இடம் இருந்தது. தறவாட்டின் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போதும்.