சைக்கிளும் செக்ரோலும்

2022இல் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது இலங்கையெங்கும் சைக்கிளுக்குக் கிராக்கி வந்தது, விலையும் ஏறியது. பதுளைக்கும் பண்டாரவளைக்கும் கடைவேலைக்கு இறங்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர்களுக்கும், ஆட்டோவுக்குப் போகும் காசை ஒரு சைக்கிள் மிச்சப்படுத்தும். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் புரட்டுவதுதான் கஷ்டம். தொழில் கொடுப்பவர் முன்பணம் போட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமே என்ற யோசனை நல்ல யோசனை. அதை எந்த வகையில் செய்வது என்பதில்தான் சம்பளப் பட்டியல் எழுதும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது 1999ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தோடு பிரித்தானியாவில் வந்த திட்டம். ஊழியர் சம்பளத்தின் ஒரு பகுதியை ஒப்பந்தப்படி விட்டுக்கொடுக்கிறார். வரியும் காப்புறுதிப் பங்களிப்பும் குறைந்த சம்பளத்துக்கே கணக்கிடப்படுவதால் அவருக்கு ஆதாயம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை சைக்கிள் நிறுவனத்தின் சொத்து. ஊழியர் வாடகைக்கு ஓட்டுகிறார்.

ஊவாத் தோட்டங்களில் அந்த ஆதாயத்துக்கு இடமே இல்லை. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. தொழிலாளியும் சரி, அலுவலக எழுதுவினைஞரும் சரி, பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். வரி மிச்சமாகாத இடத்தில் சம்பளத்தைக் குறைத்தால் குறைவது ஊழியர் சேமலாப நிதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60,000 ரூபா சைக்கிள் ஒன்றுக்கு ஓர் எழுதுவினைஞர் 24 மாதம் 2,500 ரூபா வீதம் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறார் என்று வையுங்கள். சேமலாப நிதிக்கான அவருடைய 8 வீதப் பங்கும் மாதம் 200 ரூபா குறைவதால் கைக்காசில் 2,300 ரூபாதான் குறையும். ஆதாயம் போலவே தெரியும். ஆனால் நிறுவனத்தின் 12 வீதத்தில் 300 ரூபாவும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதத்தில் 75 ரூபாவும் சத்தமில்லாமல் நின்றுபோகும். இரண்டு வருடத்தில் நிறுவனத்துக்கு 9,000 ரூபா மிச்சம். அந்த 9,000 ஊழியரின் முதுமைக்கால நிதிக்குப் போயிருக்க வேண்டிய காசு. இதைச் சலுகை என்று எழுதி நாம் கையெழுத்து வாங்கக் கூடாது.

நாட்சம்பளக்காரருக்கு இந்த முறை சட்டப்படியே பொருந்தாது. நாட்சம்பளம் சம்பளச் சபை நிர்ணயிக்கும் குறைந்தபட்சம் (2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக்கப்பட்டது). தொழிலாளியே சம்மதித்தாலும் அதற்குக் கீழே ஒப்பந்தம் போட முடியாது. பிரித்தானியாவிலும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்குகிறவருக்கு அந்தத் திட்டம் மறுக்கப்படுகிறது.

நமக்கு வேண்டியது வட்டியில்லாத முன்பணம். அது புதிய விஷயமும் அல்ல. அரச ஊழியருக்குத் தாபன விதிக்கோவை பல வகை முற்பணங்களுக்கு வழி வைத்திருக்கிறது. தோட்டத்தில் தீபாவளி முற்பணத்தைக் கொடுத்துத் தவணையில் பிடிப்பது செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டை எழுதும் கிளார்க்குக்குக் கைவந்த வேலை. முழுச் சம்பளத்துக்கும் சேமலாப நிதியைக் கணக்கிட்டபின், எழுத்துமூலச் சம்மதத்தோடு, சைக்கிள் தவணையைத் தனி வரியாகப் பிடித்தால் போதும்.

தவணையை மாதத்துக்கு இவ்வளவு என்று வைக்காமல் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைப் பதிவுக்கு, இவ்வளவு என்று வைக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் ஜூலை, ஆகஸ்டில் ஊவாத் தேயிலையின் வாசனைக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். மலையிலோ கொழுந்து குறையும், வேலை நாளும் குறையும். சந்தா, முற்பணம், தேயிலைத் தூள் என்று ஏற்கெனவே நீண்டு கிடக்கும் சம்பளச் சீட்டில் மாதம் 2,500 ரூபா கட்டாயமாக ஏறினால் அந்த மாதம் அடுப்பெரியாது. 20 பேர் போடும் மாதத்தில் 2,500 வரும்படி, பேருக்கு 125 ரூபா என்றால் 12 பேர் போட்ட மாதத்தில் 1,500தான் போகும்.

சைக்கிள் முதல் நாளே தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும் என்பதில் இந்த இதழ் உறுதியாக நிற்கிறது. லயத்து வீடு தோட்டத்துடையது. சைக்கிளும் தோட்டத்துடையதானால் வேலையை விடும் நாளில் இரண்டையும் விட்டுப் போக நேரும். கடன் தீராதவரை தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி கட்டிவைத்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மிச்சத் தவணையைக் காட்டி ஒருவரின் விலகலைத் தாமதிக்கவோ, சேவைக்காலப் பணத்தை முடக்கவோ எந்த ஒப்பந்தத்திலும் வாசகம் இருக்கக் கூடாது.

எந்தச் சைக்கிள் என்பதையும் அலுவலகம் தீர்மானிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சமதரைக்கு ஏற்ற கியர் இல்லாத வண்டியை மொத்தமாக வாங்கி மடுல்சீமை ஏற்றத்தில் இறக்கினால் அது லயத்துச் சுவரில்தான் சாய்ந்து கிடக்கும். தோட்டத்துக் கல் ரோட்டில், மழை நேரத்து இறக்கத்தில் பிரேக் கட்டை வேகமாகத் தேயும். ஈர ரிம்மில் பிடியும் குறையும். ஆகவே கியர், நல்ல பிரேக், முன் விளக்கு, தலைக்கவசம் ஆகியவற்றோடு வருடத்துக்கு இரண்டு சோடி பிரேக் கட்டையின் விலையையும் முன்பணத்திலேயே சேர்த்துக் கொடுங்கள்.