நீரும் மனமும்

ஒருவரின் துணிவையோ முன்கோபத்தையோ கண்டவிடத்து, “அஃது அவ்வூர்த் தண்ணீரின் குணம்” என எம் முதியோர் கூறுதலைக் கேட்டிருக்கின்றோம், கேட்டு நகைத்துமிருக்கின்றோம். ஆயின், அறிவியலறிஞரும் அதற்கு நெருங்கியதொரு வினாவை ஆராய்ந்து வருகின்றனர்.

பாறைகளினின்று கரைந்து குடிநீரிற் கலக்கும் தாதுக்களுள் இலிதியமும் ஒன்று. அவுஸ்திரேலிய மருத்துவர் யோன் கேட் 1949ஆம் ஆண்டில் பித்தவெறி நோயாளருக்கு இதனை மருந்தாக அளித்துப் பயன் கண்டார். நீரிலுள்ள சிற்றளவு இலிதியமும் மனத்துக்கு உறுதி தருமோ என்ற வினா பின்னர் எழுந்தது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து 27 மாவட்டங்களைப் பற்றி 1990இலும், யப்பானின் ஒயிற்றா மாகாணத்து 18 ஊர்களைப் பற்றி 2009இலும் வெளிவந்த ஆய்வுகள், இலிதியம் மிக்க நீருள்ள இடங்களில் தற்கொலை குறைவு என்றன. ஏறத்தாழ 37 இலட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு டென்மார்க்கில் நிகழ்ந்து 2017இல் வெளிவந்த ஆய்விலோ அத்தொடர்பு காணப்படவில்லை.

இந்நிலையிலும் குடிநீரில் இலிதியத்தைக் கலக்கலாம் என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். ஊரோடு ஊரை ஒப்பிடுதல் வேறு. ஒருவரின் உள்ளத்தை அறிதல் வேறு. ஒயிற்றாவிற் கண்ட மிகவுயர்ந்த அளவு லீற்றருக்கு 59 மைக்கிரோகிராம். அந்நீரை நாள்தோறும் இரண்டு லீற்றர் பருகினும், மருத்துவர் வழக்கமாகக் கொடுக்கும் அளவில் ஆயிரத்திலொரு பங்கும் வாராது. மருந்தளவிலோ, அது சிறுநீரகத்தையும் தைரொயிட்டுச் சுரப்பியையும் தாக்கவல்லது. குருதியைச் சோதித்தே கொடுக்கப்படுவது. ஆளறிந்து அளிக்கவேண்டிய மருந்தை ஊர்க்கெல்லாம் ஊட்டுதல் முறையன்று.

உயிர்காத்த வழியொன்றை எம் நாடே கண்டிருக்கின்றது. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். கொடிய கிருமிநாசினிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டபின், பத்தாண்டுகளில் அத்தொகை பாதியாயிற்று. நஞ்சு கைக்கெட்டாதிருந்தமையால், துயரின் கொடுவேளையைக் கடந்து பலர் பிழைத்தனர். நீரில் எதனையும் சேர்த்ததனால் விளைந்த நன்மையன்று இது.

பழைய மாணவ அன்பர்களே! யூபிலி நினைவாகக் கல்லூரிக்குக் குடிநீர்த் தொட்டி அமைக்க விழைவீராயின், மகிழ்ந்து ஏற்போம். தூய நீர் மாணவரின் உரிமை. அதனோடு, வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் மாணவனொருவன் பிறரறியாது மனந்திறந்து பேசத்தக்க சிற்றறையொன்றும் அமைத்துத் தாரீர். முன்னர் முன்வரிசையிலிருந்து விடையிறுத்தவன் பின்வரிசைக்குப் போய் வாய்மூடியிருப்பதை ஆசிரியராகிய நாமும் காணத் தவறுகின்றோம். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் அவன் அருகே எவர் இருப்பர்?

நிலத்தால் நீர் வேறுபடும் என்ற வள்ளுவர், மாந்தரின் அறிவு வேறுபடுவது சேர்ந்த இனத்தால் என்றார். எம் மாணவர்க்கு நாமே அவ்வினம். கிணற்றை ஆராய்வோர் ஆராய்க. நாம் பிள்ளையின் முகத்தைப் பார்ப்போம்.