ஆண் கருத்தடை: தயக்கம் எங்கே இருக்கிறது?

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவார விழா நடத்தப்படுகிறது. ஆயினும் முன்வருவோர் மிகச் சிலரே. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டிருப்பது 0.3 விழுக்காடு மட்டுமே.

உடலமைப்பில் இதற்குக் காரணம் தேடினால் கிடைக்காது. பெண்ணின் கருக்குழாய்கள் அடிவயிற்றின் உள்ளே, கருப்பையின் இருபுறமும் உள்ளன. அவற்றை அடைய வயிற்றைத் திறந்தாக வேண்டும். ஆணின் விந்துநாளமோ விரைப்பைத் தோலுக்குச் சற்றுக் கீழே, விரலால் தொட்டுணரக்கூடிய இடத்தில் உள்ளது. அவ்விடத்தை மட்டும் ஊசியால் மரத்துப்போகச் செய்து, சிறு துளையின் வழியே நாளத்தை வெளியே எடுத்துத் துண்டித்து முடிச்சிடுகிறோம். கத்தியும் தையலும் தேவையில்லை. 1974ஆம் ஆண்டு சீனாவில் உருவான முறை இது.

பிறகு ஏன் தயக்கம்? ஆண்மை குறையும் என்ற அச்சமே முதன்மையானது. விரைகள் இரு பணிகளைச் செய்கின்றன. விந்தணுக்களை உருவாக்கி நாளத்தின் வழியே அனுப்புகின்றன. டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரைச் சுரந்து நேரடியாக இரத்தத்தில் சேர்க்கின்றன. நாளத்தைக் கட்டுவதால் இரத்த ஓட்டம் தடைபடுவதில்லை. எனவே வேட்கை, விறைப்பு, குரல், தசை வலிமை எதுவும் மாறுவதில்லை. விந்துநீரின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் உண்டாவதால் அதன் அளவிலும் வேறுபாடு தெரியாது. வெளியேற வழியில்லாத விந்தணுக்களை உடலே உட்கிரகித்துக்கொள்கிறது.

கணவரின் உழைக்கும் உடல் தளர்ந்துவிடுமோ என்று அஞ்சி, மனைவியே மறுப்பதும் உண்டு. இரு நாள் ஓய்வும், ஒரு வாரம் பளு தூக்காதிருப்பதும் போதும். 1975-77 நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையின் கசப்பும் முற்றிலும் மறையவில்லை. அந்தக் கசப்பு நியாயமானதே. இன்று உங்கள் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் எவரும் இதைச் செய்ய இயலாது.

அறுவை முடிந்த அன்றே பாதுகாப்பு தொடங்கிவிடாது. கட்டிய இடத்திற்கு அப்பால் ஏற்கெனவே சென்றுவிட்ட விந்தணுக்கள் வெளியேற ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். விந்துப் பரிசோதனையில் அவை இல்லை என உறுதியாகும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். பால்வினை நோய்களை இச்சிகிச்சை தடுக்காது என்பதால், தொற்றுக்கு வாய்ப்புள்ளோருக்கு அதன் பின்னரும் ஆணுறை தேவை. வீக்கம் பெருகினாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

நாளத்தை மீண்டும் இணைக்கும் அறுவை எல்லோருக்கும் பலன் தருவதில்லை. இன்னொரு குழந்தை வேண்டுமா என்ற ஐயம் சிறிதளவு இருப்பினும் இப்போது செய்துகொள்ள வேண்டாம். தற்காலிக முறைகளைப் பற்றிக் கேளுங்கள்.