குழந்தையின் சேட்டையும் கம்பெனியின் சாயமும்

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான். பாடத்தில் கவனமில்லை. வாத்தியார் கடிந்துகொள்கிறார். வளர்ப்பு சரியில்லை என்ற பழி தாயின் தலையில் விழுகிறது. பையன் என்ன தின்றான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் சௌதாம்ப்டன் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 3 வயதுக் குழந்தைகள் 153 பேரையும், 8, 9 வயதுச் சிறுவர்கள் 144 பேரையும் பரிசோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். சில வாரங்கள் செயற்கைச் சாயமும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம். சில வாரங்கள் பார்வைக்கும் ருசிக்கும் அதே மாதிரியான, அவை கலக்காத பானம். எந்த வாரம் எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, குழந்தைகளைக் கவனித்து மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. ஒரு கலவையில் இருந்த சாயங்கள் நான்கு: டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர். இந்தக் கலவையைக் குடித்த வாரங்களில் 3 வயதுக் குழந்தைகளிடம் நிலைகொள்ளாமை அதிகமாயிற்று.

இதை மிகைப்படுத்த வேண்டாம். சராசரி விளைவு சிறியதுதான். ஒரு குழந்தைக்கு ஒன்றுமே ஆவதில்லை. இன்னொன்றுக்கு வெகுவாகப் பாதிக்கிறது. அனுமதி அளவை மாற்ற இந்தச் சான்று மட்டும் போதாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் கூறிற்று. சேட்டைக்கெல்லாம் சாயமே காரணம் என்று சொல்வது வெறும் பிதற்றல். (சர்க்கரை தின்றால் பிள்ளை துள்ளும் என்கிறார்களே, அந்த நம்பிக்கை இதே மாதிரிச் சோதனைகளில் நிற்கவில்லை.)

ஆனால் ஒரு கேள்வி. இந்தச் சாயத்தில் சத்து உண்டா? இல்லை. ருசி உண்டா? அதுவும் இல்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ரசாயனங்களைக் கொண்டு தயாரிக்கும் இந்த வஸ்து, சரக்கு பளபளக்க வேண்டும், குழந்தையின் கண்ணை இழுக்க வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுகிறது. லாபம் கம்பெனிக்கு, அபாயம் எவ்வளவு சிறிதானாலும் குழந்தைக்கு! இதென்ன நியாயம்?

2010 ஜூலை முதல் ஐரோப்பாவில், இந்த நான்கும் வேறு இரண்டும் சேர்ந்த உணவுப் பொட்டலத்தில், குழந்தைகளின் செயலுக்கும் கவனத்துக்கும் இது கெடுதல் செய்யக்கூடும் என்று அச்சடித்தாக வேண்டும். என்ன நடந்தது தெரியுமா? அதை அச்சடிப்பதைவிடச் சாயத்தையே விட்டுவிடுவது மேல் என்று பல கம்பெனிகள் பீட்ரூட்டுக்கும் மஞ்சளுக்கும் மாறிக்கொண்டன. முடியாது என்று அதுவரை சொல்லிவந்தது முடிந்துவிட்டது.

இந்தியாவில்? அந்த நான்கு சாயங்களும் இங்கே அனுமதி பெற்றவை. கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று உச்சவரம்பு உண்டு. ஜாங்கிரிக் கடையில் கேசரிப் பவுடரை அள்ளிப் போடுகிறவர் தராசு வைத்தா போடுகிறார்? பாக்கெட்டில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம் என்று பொடி எழுத்தில் இருக்கும், பக்கத்தில் 102, 110, 122, 124 என்று எண் இருக்கும். அதுவும் இங்கிலீஷிலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. பீடி சுற்றும் தாய் அதை எப்படிப் படிப்பாள்?

2024 பிப்ரவரியில், ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டது. சரியான காரியம்தான், அது உணவில் அடியோடு கூடாத விஷம். ஆனால் தள்ளுவண்டிக்காரனிடம் காட்டிய வேகம் பெரிய கம்பெனியின் வாசலில் ஏன் நின்றுவிடுகிறது?

ஐரோப்பாவில் அச்சடிக்கும் எச்சரிக்கையை இங்கேயும், தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சடிக்கச் சட்டம் வேண்டும். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இந்தச் சாயங்கள் கலந்த பண்டம் நுழையக்கூடாது. கடைச் சரக்கைப் பரிசோதிக்க ஜில்லாதோறும் போதுமான ஆட்களும் சோதனைச்சாலையும் வேண்டும். மாதர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இந்தக் கோரிக்கையை இப்போதே கையில் எடுக்க வேண்டும்.