கஞ்சியை மறித்த போர்

பிள்ளையின் வயிறு உப்பியிருக்கிறது. உண்டு உப்பிய வயிறன்று, தோழர்களே! கால்கள் வீங்கியுள்ளன. கறுத்திருந்த முடி செம்பட்டையாகிவிட்டது. அழுவதற்கும் ஆற்றல் இல்லை. 1968ஆம் ஆண்டில் உலக ஏடுகளிலெல்லாம் வெளிவந்த பயாப்ராக் குழந்தைகளின் படங்களில் கண்ட காட்சி இது. பார்த்தோர் பலர் ‘பஞ்சம்’ என்றனர். மழை பொய்த்தா வந்தது அப்பஞ்சம்? மண் மலடாகியா வந்தது? இல்லை, வழியை மறித்ததால் வந்தது!

நைசீரியாவின் கிழக்குப் பகுதி 1967 மே 30இல் பயாப்ரா என்னும் பெயரில் தன்னைத் தனிநாடாக அறிவித்தது. சூலையில் போர் மூண்டது. பிரிந்தது முறையா, தடுத்தது முறையா என்று வழக்காட மேடைகள் பல உண்டு. இங்கே நாம் கேட்பது வேறு. அந்த மக்கள் நாள்தோறும் உண்டது யாது? மரவள்ளியும் பெருவள்ளியும். வயிற்றை நிரப்பும் கிழங்குகள். பிள்ளையின் உடலைக் கட்டியெழுப்பப் போதாதவை. அதற்கு வேண்டிய புரதத்தில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது: மாடுகள் வடக்கிலிருந்து, உலர்மீன் நார்வேயிலிருந்து. கூட்டரசின் படை நிலவழியை அடைத்தது, கடல்வழியை அடைத்தது. 1968 மே மாதத்தில் போர்ட் ஆர்க்கோர்ட் துறைமுகமும் வீழ்ந்தது. சுருங்கிக்கொண்டே வந்த நிலத்தில் அகதிகள் குவிந்தனர். கிழங்குக்கும் தட்டுப்பாடு, மீனோ கனவு!

வளர்ந்தவன் இருக்கும் உடலைக் காத்துக்கொண்டால் போதும். இரண்டு வயதுப் பிள்ளையோ இல்லாத உடலை உருவாக்க வேண்டும். ஆகவே முதலில் சாய்ந்தது பிள்ளைதான். அந்நோய்க்கு ‘குவாசியோர்க்கர்’ என்று பெயர். கோல்டு கோசுட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்சு, அங்குள்ள ‘கா’ மொழியிலிருந்து எடுத்து 1935இல் மருத்துவ உலகுக்கு அளித்த சொல். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் இழந்த மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தம்பி பிறந்து பாலைப் பறித்த வீடுகளில் காணும் நோயை, பீரங்கி வந்து ஒரு நாட்டுக்கே பரப்பிற்று.

உதவ எவரும் இல்லையோ? இருந்தனர். சாவோ தோமே தீவிலிருந்து தேவாலய அமைப்புகள் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட முறை உணவு விமானங்களை அனுப்பின. நெடுஞ்சாலையை அகலப்படுத்தி அமைத்த ஊலி ஓடுபாதையில், நள்ளிருட்டில், நொடிப்பொழுது விளக்கேற்றி இறக்கினார்கள். 1969 சூன் 5இல் செஞ்சிலுவை விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. பகலில் அனுப்பலாகாதா? சோதனையிட்ட பின்பே விடுவோம் என்றது கூட்டரசு. பகல் விமானத்தோடு பகைவனும் நுழைவான் என்றது பயாப்ராத் தலைமை. அதே ஓடுபாதையில் இரவில் அதற்கு ஆயுதமும் வந்திறங்கிற்று. இரு தரப்பாரின் வாதமும் போர்க்கலைப்படி பொருத்தமாக இருக்கலாம். பிள்ளைக்கு என்ன போர்க்கலை தெரியும்? பேரம் நீண்ட ஒவ்வொரு கிழமையும் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் கூட்டரசுக்கு ஆயுதம் தர இங்கிலாந்து தயங்கவில்லை. விமானம் தரச் சோவியத்து நாடு தயங்கவில்லை. பயாப்ராவுக்கு மறைவாக உதவப் பிரான்சு தயங்கவில்லை. துப்பாக்கிக்குத் திறந்த கதவு பால்மாவுக்குத் திறக்கவில்லை!

நாமும் மேடையேறினால், போரில் மாண்டவர் இத்தனை பேர் என்று வீரரைத்தான் எண்ணுகிறோம். பயாப்ராவில் மாண்டோரில் மிகப் பெரும்பாலோர் குண்டடிபட்டவர் அல்லர்; பட்டினியும் அதன் பின்னே வந்த நோயும் கொண்டுபோனவர்கள்.

1970 சனவரி 15இல் போர் முடிந்தது. உடலில் முடிந்ததா? பிள்ளைப் பருவத்திலும் குமரப் பருவத்திலும் அப்போரில் சிக்கிப் பிழைத்த பெண்களைப் பின்னாளில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். உயரம் குறைந்திருந்தது. அப்பெண்கள் ஈன்ற பிள்ளைகளின் வளர்ச்சியிலும் அந்தக் குறை தெரிந்தது. போரைக் காணாத பிள்ளைகள் அவர்கள்!

குடிமக்களைப் பட்டினியிட்டுப் போர்புரிவதை 1977ஆம் ஆண்டின் செனீவா கூடுதல் உடன்படிக்கைகள் தடைசெய்தன. 1998இல் ரோம் நகரில் பன்னாட்டுக் குற்றவியல் மன்றத்துக்குச் சட்டம் வகுத்தபோது அதைப் போர்க்குற்றமாக்கினர். ஆனால் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான போரில் மட்டும். பயாப்ராவில் நடந்தது உள்நாட்டுப் போர். அத்தகைய போருக்கும் அக்குற்றத்தை விரித்த திருத்தம் 2019இல்தான் வந்தது. அதுவும், அதனை ஏற்று உறுதியளித்த நாடுகளையே கட்டுப்படுத்தும்.